கையெழுத்துப் போடுகிறவர் வண்டியில் ஏற வேண்டும்

12-2-1997, புதன்

ரயில் வண்டிச் சோதனை நிலையத்தைக் கம்பெனியிடம் ஒப்படைக்கிற வேலை இன்றும் முடியவில்லை. தண்டவாளம், சோதனைப் பெட்டி, ஷெட், ஜெனரேட்டர், எல்லாம் எழுதியாகிவிட்டது. கேன்டீன் பாய்லரைக்கூட விடவில்லை. சொத்து ரயில்வேக்கே சொந்தம். ஐந்து வருஷம் நடத்துவது மட்டும் கம்பெனி. "வீடு நம்மளது, குடி வைக்கறோம், அவ்வளவுதான்" என்கிறார் டைரக்டர். குடித்தனக்காரனுக்கு வீட்டுக்காரன் மாசாமாசம் பணம் கொடுப்பதை மைசூரில் நான் இதுவரை பார்த்ததில்லை.

ஒப்பந்தத்தில் சோதனை முறைகள் என்ற பகுதியை எழுதியது நான். பிரேக் சோதனை என் பிரிவு என்பதால் என் தலையில் கட்டினார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

3-3-1997

ஆட்களைப் பற்றிய உத்தரவு வந்துவிட்டது. கம்பெனியின் கீழே வேலை செய்யச் சம்மதித்தால் மைசூரிலேயே இருக்கலாம். அவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பினால், ரயில்வே எங்கே போடுகிறதோ அங்கே மூட்டை கட்ட வேண்டும்.

மகள் ஜீவிதா அடுத்த வருஷம் ஜூனில் பத்தாவது. இவருக்கு இங்கே டயர் பேக்டரியில் வேலை. அதை எங்கே தூக்கிக்கொண்டு போவது? சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

21-4-1997

புது மேனேஜர் விஜய்குமார். தமிழ்நாட்டு எல்லையில் ஹனூர்ப் பக்கம் சொந்த ஊராம். என்னிடம் தமிழ், மற்றவர்களிடம் கன்னடம், டெலிபோனில் இங்கிலீஷ். நான் வருஷக்கணக்காக மனு எழுதியும் பெண்கள் கழிப்பறைக்கு வராத தண்ணீர், இந்த மனுஷன் வந்த வாரமே வந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு எரிச்சலாக இருந்தது.

9-6-1997

இன்று மனசே சரியில்லை.

விஜய்குமார் கூப்பிட்டுச் சொன்னார்: "மேடம், டெஸ்ட் ஓட்டத்துக்கு நீங்க இனிமே வண்டில ஏற வேண்டாம். ரீடிங் எல்லாம் கம்ப்யூட்டர்ல வருது. ஆபீஸ்ல பாத்து ரிப்போர்ட்ல சைன் பண்ணிடுங்க. நீங்க ஏறி இறங்கறதுல அரை நாள் போயிடுது."

கையெழுத்துப் போடுகிறவர் வண்டியில் ஏற வேண்டும். நான் சேர்ந்த நாளிலிருந்து இங்கே அப்படித்தான். கடைசியில் இருக்கும் பிரேக் வேனில் ஏறி நின்று, டிரைவர் ஜடையனுக்குக் கை காட்ட வேண்டும். அப்புறம்தான் அவர் வண்டியை எடுப்பார். வெயிலோ மழையோ, ஜீவிதா வயிற்றில் இருந்தபோது ஆறாம் மாசம் வரை நானும் ஏறியிருக்கிறேன். கோளாறான வண்டிக்குக் கையெழுத்துப் போட்டால் முதலில் அடிபடுவது போட்டவராகத்தான் இருக்க வேண்டும், வேறென்ன.

"அது எங்க வழக்கம் சார்" என்றேன்.

"ஒப்பந்தத்துல எங்க இருக்கு மேடம்? காட்டுங்க, நானே உங்கள ஏத்தி விடறேன்."

மத்தியானம் முழுக்கத் தேடினேன். இல்லை. எப்படி இருக்கும்? நாங்கள் யாரும் அதை ஒரு விதியாக நினைக்கவேயில்லையே. கேன்டீன் பாய்லரை எழுதினோம். மூச்சு விட வேண்டும் என்று எவன் எழுதிவைப்பான்? எழுதியிருக்க வேண்டும் லதா. எழுதியிருக்க வேண்டும்.

10-6-1997

ஜடையன் கேன்டீனில் பார்த்துச் சொன்னார்: "நீங்க கை காட்டலைன்னா எனக்கு வண்டிய எடுக்கக் கை வரமாட்டேங்குது மேடம்." எடுத்தார்தான். பாவம், அவர் என்ன செய்வார்.

10-7-1997

போட்டுவிட்டேன். ஏறாமலேயே.

இவர் நேற்றே சொன்னார், "எல்லாரும் போடறாங்க. நீ ஒருத்தி முறைச்சுக்கிட்டு நின்னா உன்னையத்தான் தூக்கி அடிப்பாங்க. புள்ளையப் பாரு" என்று. சரிதான். பிள்ளையைப் பார்த்தேன், போட்டேன்.

30-7-1997

நான் ஏறாமல் கையெழுத்துப் போட்ட சரக்கு வாகன்கள் நன்றாக ஓடுகின்றன. ஒன்றும் ஆகவில்லை.

இப்படியே நூறு தடவை ஒன்றும் ஆகாமல் போகலாம். நான் ஏறிய காலத்திலும் பெரும்பாலும் ஒன்றும் ஆனதில்லையே. அப்படியானால் வெறும் பிடிவாதமா என்னுடையது? விஜய்குமார் கெட்டவர் இல்லை. சோதனைக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குப் பணம். அவர் அவசரம் அவருக்கு. நாங்கள் ஆமை வேகத்தில் வேலை செய்தோம் என்பதும் உண்மை. ஆனாலும்... அந்தக் காகிதத்தில் இருந்தது என் பெயர். நான் மட்டும் அங்கே இல்லை.

18-8-1997, திங்கள்

லீவு போட்டேன். லீவு போட்டுவிட்டு வேலைக்குப் போன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். நாளை நான் கையெழுத்துப் போட வேண்டிய வாகன்கள் இன்று ஓடின. நேராக பிரேக் வேனில் ஏறிக் கை காட்டினேன். ஜடையன் வண்டியை எடுத்துவிட்டார்.

நின்றதும் தீய்ந்த நாற்றம். இறங்கிப் பார்த்தால் மூன்றாவது வாகனில் பிரேக் கட்டை சக்கரத்தை விடவேயில்லை. பக்கத்தில் கை கொண்டுபோக முடியாத சூடு. ஆனால் கம்ப்யூட்டரில் அருமையான ரீடிங். இருக்காதா பின்னே? பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் வண்டி சீக்கிரம்தான் நிற்கும்!

'மறுசோதனை' என்று எழுதிக் கொடுத்தேன்.

"லீவுல இருக்கறவங்க ஏறினா இன்சூரன்ஸ் கிடையாது மேடம், தெரியுமா?" என்றார் விஜய்குமார். சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு மெதுவாக, "நாளையிலிருந்து ஆபீஸ்ல பாத்தே போட்டுடுங்க. இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல" என்றார்.

"ஏறாமப் போடமாட்டேன் சார்."

சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

9-9-1997

திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரம்பூர். இவர் என்னோடு பேசவில்லை. ஜீவிதாதான், "விடும்மா, சனி ஞாயிறு வந்துடுவேல்ல?" என்றாள். என்ன தைரியம் இவளுக்கு. இரண்டு நாளாக என் புடவைத் தலைப்பை விடாமல் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

17-5-1998, ஞாயிறு

மைசூர். காலையில் வீட்டுக்கு போன். விஜய்குமார்.

வாகன் வாங்கியவர்கள் சக்கரம் சூடாகிறதென்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். இனி வண்டியில் ஏறியவர் கையெழுத்து இருந்தால்தான் எடுப்பார்களாம். ரயில்வேயும் ஒப்பந்தத்தைத் திருத்தச் சொல்லிவிட்டது. "நாங்க எப்படி எழுதினாலும் ஓட்டை இருக்கு மேடம். அந்த வழக்கத்த நீங்களே சரியா எழுதித் தர்றீங்களா?"

என்னைத் திரும்பக் கூப்பிடுவதைப் பற்றி அவர் பேசவில்லை. என் இடத்தில் ஆள் போட்டாயிற்று.

இவர் சொன்னார்: "சும்மா எதுக்கு எழுதித் தர்றே? என்னைய மைசூருக்குப் போட்டாத்தான் தருவேன்னு சொல்லிப்போடு. இப்ப அவங்களுக்குத்தான் நீ வேணும்."

நியாயம்தான். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பத்தாவது வகுப்பு தொடங்கப்போகிறது. நான் வாரத்துக்கு ஒரு முறை வந்து போகும் விருந்தாளி. பேரம் பேச ஒரு மாசமாவது ஆகும். அந்த ஒரு மாசமும் மற்றவர்களுக்குப் போகும் வண்டிகள் யாரும் ஏறாமல் ஓடும்.

மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். யார் ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும், யார் கை காட்டினால் வண்டி கிளம்ப வேண்டும். எனக்கென்று ஒன்றும் எழுதவில்லை.

இவர் வாங்கி இரண்டு முறை படித்தார். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, தேவராஜ மொஹல்லா எஸ்.டி.டி. கடைக்கு ஸ்கூட்டரில் போய் அவரே பேக்ஸ் பண்ணிவிட்டு வந்தார்.

வந்ததும், "உனக்கு எத்தன மணிக்கு ட்ரெயின்? நானே கொண்டுவந்து விடறேன்" என்றார்.