சவரிமுத்துவுக்கு வந்த தந்தி

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
12-8-1944

அன்பு மகன் கயித்தானுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே சுகமாய் இருக்கிறாய் என்று ஒரு வரி வந்தால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன். முதலில் உன் அம்மா சொன்னதை எழுதிவிடுகிறேன், பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டே எழுதியாச்சா எழுதியாச்சா என்கிறாள். போன செவ்வாய்க்கிழமை உன் சித்தப்பா வீட்டுக்கு ஒரு தந்தி வந்தது, அவர் மகன் சவரிமுத்துதான் கையெழுத்துப் போட்டு வாங்கினான். கஸ்டம்ஸ் குமாஸ்தாவிடம் படிக்கக் கொடுத்தால், சிப்பாய் சவரிமுத்து பர்மா எல்லைச் சண்டையில் இறந்துவிட்டான் என்று இருக்கிறதாம். இறந்தவனோ தோணியில் மூட்டை இறக்கிவிட்டு எதிரே நிற்கிறான். தெருவே சிரித்தது. பொய்ச் சாவு கேட்டவனுக்கு ஆயுசு கெட்டி என்று உன் அம்மா அவனைக் கூப்பிட்டு உப்பு மிளகாய் சுற்றிப்போட்டு, மீன்குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். கயித்தானுக்கு எழுதுங்க, வயிறு வலிக்கச் சிரிப்பான் என்கிறாள். அவன் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது அவள் தண்ணீருக்குப் போயிருக்கிறாள். ரங்கூன் அரிசி மில்லுக்கு ஆள் சேர்த்த மேஸ்திரியின் பட்டியலில் இருந்தது சவரிமுத்து பெயர். புறப்படும் அன்று அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆள் குறையக்கூடாது என்று மேஸ்திரி பிடிவாதமாய் நின்றான், சும்மாதானே இருக்கிறாய் என்று உன் கையில் அவன் சீட்டைக் கொடுத்து ரயிலேற்றியது நான்தான். குண்டுக்குத் தப்பிக் காட்டுவழியே நடந்து அஸ்ஸாம் வந்தபோதும் உன்னிடம் இருந்தது அந்தச் சீட்டு ஒன்றே, பட்டாளத்தில் அதைப் பார்த்து அதே பெயரையும் சித்தப்பா வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாய். மாற்றிக்கொள் மாற்றிக்கொள் என்று மூன்று கடிதம் போட்டேன். இன்றைக்கும் உறைமேல் அவன் பெயரைத்தான் எழுதவேண்டியிருக்கிறது. இது எனக்கும் உன் சித்தப்பாவுக்கும் சவரிமுத்துவுக்கும் மட்டும் தெரியும், உன் அம்மாவுக்கு நீ பட்டாளத்திலும் கயித்தான்தான். உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று சவரிமுத்து தனியே வந்து, பெரியப்பா, எனக்கு வந்த சாவை அவன் வாங்கிக்கிட்டான் என்று அழுதான். ஏலே, பட்டாளத்தில் சவரிமுத்து என்று ஒருத்தன்தானா இருக்கான் என்று சத்தம்போட்டு விரட்டிவிட்டேன். விரட்டினேனே தவிர எனக்கே நம்பிக்கையில்லை மகனே, பயமாக இருக்கிறது. உன் ஆத்துமத்துக்குப் பூசை கேட்கலாமென்றால் சாமியார் உன் பெயரை எல்லார் முன்னாலும் வாசிப்பார், கோயிலில் உன் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

ஈரத்துணியோடு படுக்காதே, கழுத்தில் கட்டிய மாதா உத்தரியத்தைக் கழற்றாதே. பனிமயமாதா உன்னை விட்டு நீங்காமல் இருக்கட்டும். கடிதம் கண்டதும் நீயே உன் கையால் பதில் எழுது.

வேறு யாராவது இதைப் பிரிக்கும்படி ஆகியிருந்தால், அய்யா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவன் பெயர் சவரிமுத்து இல்லை. கயித்தான், வயது இருபத்துமூன்று. அடக்கம் செய்த இடத்தில் அந்தப் பெயரை எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
கயித்தானின் அப்பா
சிலுவை பர்னாந்து