தூமாருக்குப் போட்ட சிவப்பு இறைச்சி

நவம்பர் 19

இஸ்மானாலி அண்ணனின் வேட்டைக் கழுகு தூமார் இன்று காலை என் கையிலிருந்து பறந்து போனது. திரும்பி வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மூன்று வாரம் முன்பு குதிரை இடறி அண்ணன் விழுந்தார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. நரீன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் நான்தான். "ஓசோர், தூமாரைப் பார்த்துக்கோ" என்றார். நானே கேட்டேன், வேட்டைக்கும் கூட்டிப் போகட்டுமா என்று. வெகுநேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். ஒரே நிபந்தனை: கிளம்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்து வெள்ளை இறைச்சி மட்டும். ரத்தம் போகத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்தது. வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. பசி இருந்தால்தான் கழுகு கைக்கு வரும்.

இரண்டு நாள் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் தூமார் என்னைப் பார்த்துக் கத்தினாள். மார்பெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இருபத்தாறு வருஷமாக ஆடு மாடு வாங்கி விற்கிறேன். இளைத்த உருப்படியை நான் சந்தைக்கு ஓட்டிப் போனதே கிடையாது. முதலில் தீனி, பிறகுதான் எல்லாம். நேற்று சாயங்காலம் கொழுப்போடு ஒரு பெரிய துண்டு குதிரைக்கறி போட்டேன். சிவக்கச் சிவக்க. நன்றாகத் தின்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

காலையில் காரா-ஜார் மேட்டில் அவள் கண்ணை மறைக்கும் தோல் தொப்பியைக் கழற்றினேன். கீழே பனியில் நரி ஓடியது. வாங்கும் எண்ணம் இல்லாதவள் கடையைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். சிறகை விரித்தாள். நரிப் பக்கம் போகவில்லை. மலைமுகட்டுக்கு மேலே, அந்தப் பக்கம் போய்விட்டாள்.

கழுகைக் கைக்கு அழைக்க அண்ணன் வைத்திருக்கும் பழைய நரித்தோல் துண்டை இருட்டும்வரை ஆட்டிக் கூப்பிட்டேன். சேணத்தில் நரியைத் தொங்கவிட்டு ஆத்-பாஷி கடைத்தெரு வழியே மெதுவாகப் போவதாக நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

நவம்பர் 20

நீள வாரைக் கழற்றினேனா?

காலில் எப்போதும் இருக்கும் குட்டை வார் வேறு. ஒன்றரை முழம் நீளமுள்ள கட்டுவார், அதைப் பறக்கவிடும் முன் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் என் பையில் இருக்க வேண்டும். கோட்டுப் பையில் இல்லை. சேணப்பையில் இல்லை. பூட்ஸுக்குள்கூடக் கைவிட்டுப் பார்த்தேன். என் மனைவி குல்பாரா கேட்டாள், என்ன தேடுறீங்க என்று. சொல்லவில்லை.

வாரோடுதான் போயிருக்கிறாள். அது எங்கேயாவது மரத்தில் சுற்றினால், பாறை இடுக்கில் மாட்டினால், தலைகீழாகத் தொங்குவாள். தொங்கினால் எத்தனை நாள்? யாரைக் கேட்பது? தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் எப்படிக் கேட்பேன்.

இன்று பதினொரு மணி நேரம் குதிரை மேல். ஜூனிப்பர் மரம் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

நவம்பர் 21

அண்ணன் போன் செய்தார். முதல் கேள்வியே, "கைக்குத் திரும்பி வந்தாளா?"

நரி பிடித்தாள் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொன்னது. வியாபாரத்தில் கைகொடுக்கிற வாய்தான் இது. நல்ல சேதியை முதலில் எடுத்து வைக்கும்.

"நரி கிடக்கட்டும்டா. கைக்கு வந்தாளா?"

"வந்தா அண்ணே."

சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் கேட்டதில்லை. வார்டில் எல்லாரிடமும் சொல்லப் போகிறாராம். முதல் தடவை போனவன் கைக்கே வந்தாள் என்றால் அதுக்கு மேல என்ன வேட்டை என்றார். தோலைக் கொண்டு வா, பார்க்கணும் என்றார்.



நவம்பர் 22

ஞாயிறு, சந்தை. முதல் முறையாக வாங்கவும் விற்கவும் போகாமல் விசாரிக்கப் போனேன். மேலே குளிர்காலத் தொழுவங்களில் இருக்கும் மேய்ப்பர்கள் எல்லாரும் இறங்கி வரும் நாள். ஒவ்வொருவனையும் பிடித்துக் கேட்டேன். காலில் வாரோடு ஒரு கழுகு, பார்த்தீர்களா? யாரும் பார்க்கவில்லை. எல்லாருக்கும் சிரிப்பு மட்டும் வந்தது.

"என்ன ஓசோர், கழுகையும் எடை போட்டு விக்கப் போறியா?" என்றான் ஒருவன். இன்னொருவன், கொழுக்க வைத்திருப்பான், பறந்திருக்கும் என்றான். வேடிக்கைக்குச் சொன்னான். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

கிளம்பும்போது தோல் விற்பவன் கண்ணில் பட்டான். நல்ல செந்நரி, வால் பருத்தது. பேரம் பேசாமல் வாங்கினேன். அவனே திகைத்துப் போனான்.

இதை எழுதவே கூசுகிறது. ஆனால் எழுதுகிறேன்.

நவம்பர் 23

நரீன் போனேன். கணவாயில் பனி; கார் இரண்டு இடத்தில் வழுக்கியது.

அண்ணனைச் சுற்றி வார்டே உட்கார்ந்திருந்தது. எனக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். தோலை அவர் மடியில் போட்டேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு கட்டைவிரலால் நரியின் மூஞ்சியைத் தடவினார். தோலைத் திருப்பி உள்பக்கத்தில் முதுகு நெடுகத் தடவினார். கடைசியாக முன்னங்காலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாகத்தான் சொன்னார். "மூஞ்சியில நகம் இறங்கின ஓட்டை இல்ல. முதுகுலயும் இல்ல. கால்ல ரோமம் வளையமா அத்துப் போயிருக்கு. இரும்புப் பொறியில மாட்டின நரி இது. தூமார் எங்கடா?"

சொன்னேன். எல்லாத்தையும். குதிரைக்கறி, கொழுப்பு, வார். எத்தனை பேர் கேக்குறாங்கன்னு நெனைக்கல. அழுதுட்டேன்னு நெனைக்கிறேன். பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து வெளியே போனான்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை. எவ்வளவு பெரிய துண்டு என்று கேட்டார். கையால் காட்டினேன். கண்ணை மூடி விரல் விட்டு எண்ணினார்.

"புதன்கிழமை வரைக்கும் அவளுக்குப் பசிக்காது. அதுக்கு முன்ன நீ கத்தினாலும் நான் கத்தினாலும் வர மாட்டா. தொங்கிட்டு இருந்தா அது வேற கணக்கு." தோலை என் மடியில் திருப்பிப் போட்டார். "புதன்கிழமை காலைல காரைக் கொண்டு வா."

டாக்டர் விடமாட்டார் என்றேன். டாக்டரிடமா கழுகு இருக்கு என்று கேட்டுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்தார்.

நவம்பர் 24

தேடினேன். பனி. என் குதிரையின் காதுகூடத் தெரியவில்லை. குல்பாரா சொல்கிறாள், உங்களையும் தேட வைக்காதீங்க.

நவம்பர் 25

அண்ணனைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கூட்டி வந்தேன். காரா-ஜார் அடிவாரத்தில் இறக்கச் சொன்னார். மாவுக்கட்டுக் கால் பனியில் நீட்டிக்கொண்டிருக்க, காரில் சாய்ந்து நின்று கூப்பிட்டார். அது என் கத்தல் மாதிரி இல்லை. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து. கூப்பிட்டுவிட்டு வானத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் காதைக் கொடுத்தார்.

ஒரு மணி நேரம். இரண்டு. உதடு நீலமாகிவிட்டது. போதும் அண்ணே என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை சொல்லத் துணியவில்லை. முகட்டின் மேல் இரண்டு காகம் சுற்றின. இருவரும் பார்த்தோம். காகம் எதன்மேல் சுற்றும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கடவுளே, செத்தது ஆடாக இருக்கட்டும், யார் ஆடானாலும், என் ஆடானாலும் என்று நினைத்தேன்.

நண்பகலுக்குப் பிறகு மேலேயிருந்து ஒரு பெண் குதிரையில் இறங்கி வந்தாள். அனார்கான் அக்கா. முகட்டுக்கு அந்தப் பக்கம் தனியாகத் தொழுவம் வைத்திருப்பவள். புருஷன் போன பிறகும் இறங்கி வராதவள். சந்தைக்கும் வருவதில்லை, அதனால் நான் அவளைக் கேட்கவே இல்லை.

"கூப்பிடுறது யாரு?" என்றாள். "மூணு நாளா என் வீட்டுல ஒருத்தி ஒண்ணும் தின்னாம மொறைச்சிட்டு உக்காந்திருந்தா. இந்தச் சத்தம் காதுல விழுந்ததும் எந்திரிச்சு நின்னுட்டா."

தொழுவக் கூரைக் கம்பியில் வார் சுற்றித் தொங்கியிருக்கிறாள். ஞாயிறு காலை நாய் குரைத்து, அக்கா வெளியே வந்து பார்த்து, தன் கம்பளிக் கோட்டைத் தூமார் மேல் தூக்கிப் போட்டு வாரை அறுத்திருக்கிறாள். அறுக்கும்போது கையில் நகம் இறங்கிவிட்டது. துணி சுற்றியிருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலி இருக்கட்டும். அவ்வளவு நீள வாரோட பறக்க விட்ட அறிவாளி யாரு?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. நான்தான் அக்கா என்றேன்.

அண்ணனைக் குதிரையில் ஏற்றி, கட்டுக் கால் தட்டாமல் பிடித்துக்கொண்டு நான் நடந்தேன். வீட்டு மூலையில் ஒரு மரப்பெட்டி மேல் நின்றிருந்தாள் தூமார். வாலில் மூன்று இறகு முறிந்திருந்தது. இடது கால் வீங்கியிருந்தது. அண்ணன் என்னிடமிருந்து கையுறையை வாங்கி மாட்டிக் கையை நீட்டினார். கூப்பிடவில்லை, தீனியும் காட்டவில்லை.

அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு வந்தாள்.

அண்ணன் கையுறையில் அவள் பாரம் இறங்கியதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நரியும் இல்லை, பனியும் இல்லை, நான்கு சுவருக்குள் ஏழு அடி தூரம். எந்தக் கடைத்தெரு வழியாகவும் யாரும் போகப் போவதில்லை.

நவம்பர் 26

அக்கா வீட்டிலேயே தங்கினோம். காலையில் டீ குடிக்கும்போது நான்தான் பேச்சை எடுத்தேன். வியாபாரி; கொடுக்க வேண்டியதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டால் தூங்கலாம் என்று நினைப்பு. அண்ணனுக்கு என் பெட்டைக் குதிரை, குட்டியோடு. அக்காவுக்கு ஆறு ஆடு.

அக்கா ஆட்டுக்கு இடமில்லை என்றாள். அண்ணன் தூமாருக்கு இறைச்சி ஊட்டிக்கொண்டே இருந்தார்.

"குதிரையைக் கொடுத்துட்டு நீ கழண்டுக்கலாம்னு பாக்குற. அதெல்லாம் நடக்காது, ஓசோர்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். என் வாழ்க்கையில் எதிராளி சொன்னதை ஒரு வார்த்தை குறைக்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே பேச்சு இதுதான். அதனால் அப்படியே எழுதி வைக்கிறேன்.

இரண்டு குளிர்காலம். இறைச்சியை வெட்டுவது, ஊறவைப்பது, ரத்தம் போகப் பிழிவது நான். தினமும், அவர் கண் முன்னால். கையுறை அவருடையது, நான் தொடக்கூடாது. அவர் கால் கூடியதும் வேட்டையில் புதரைத் தட்டி நரியைக் கிளப்பும் வேலை என்னுடையது. விழும் முதல் நரி அனார்கான் அக்காவுக்கு. இரண்டாம் குளிர்காலம் முடிந்து பனி உருகும்போது வழக்கப்படி தூமாரின் காலிலிருந்து எல்லா வாரையும் அறுத்து அவளை மலைக்கே விட்டுவிடுவது; அன்று மட்டும் கத்தி என் கையில்.