ஆட்சேபணை இல்லை

நவம்பர் 18, செவ்வாய்

வோபர்ன் பகுதியில் அம்மா விட்டுப்போன வீட்டுக்காகத் தம்பிமேல் நான் போட்ட வழக்கில், இன்று அவன் மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாட்சி சொன்னான். எனக்குச் சட்டத்தரணி இல்லை. விதிகளை நானே படித்து வாதாடுகிறேன்.

“ஆஸ்பத்திரியில அம்மா எனக்குச் சொன்னவ…” என்று தொடங்கினான்.

எழுந்தேன். இறந்தவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதை ஆட்சேபிக்கலாம். இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் அம்மாவின் கடைசிப் பேச்சைத் தம்பி வீட்டார் எனக்குச் சொன்னதேயில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது.

“ஆட்சேபணை இல்லை” என்று உட்கார்ந்தேன். வழக்கே தோற்கலாம்.

“‘வீட்டை நீ வச்சிரு. உன்ரை அண்ணனுக்கு ஒரு அறை எப்பவும் இருக்கோணும். மூஞ்சையை நீட்டிக்கொண்டுதான் வருவான், ஒண்டும் கேளாதை’ எண்டவ.”

வெளியே தம்பி பின்னால் வந்தான். “அண்ணை, தேத்தண்ணி குடிப்பமே? அதுக்கும் ஏதும் விதி இருக்கோ?”

“உன்ரை சாட்சியத்தைப் பற்றித்தான் கதைக்கக் கூடாது” என்றுவிட்டு வந்துவிட்டேன்.

நாளை குறுக்கு விசாரணை. அதற்கு முன் வழக்கைப் பேசி முடிக்கலாமா என்று தம்பியிடம் கேட்கப்போகிறேன். தீர்ப்பு வரும்வரை விதிகள் அதற்கு இடம் கொடுக்கின்றன. ஆனால் பேஸ்மென்ட் அறை என்றால் சம்மதிக்கமாட்டேன். மேலே, வெளிச்சமுள்ள அறைதான் வேண்டும்.