கட்டிப்போட்ட பன்றி குறித்து அம்மானுக்கு அரசி விடுத்த ஓலை

மழை தவறாது பொழிக. கோல் கோணாது நிற்க. அருவிகள் பல இறங்கும் நீர்வரை நாட்டின் முடியுடை அரசியும், பெருமாவேளின் ஒரே மகளுமாகிய கொன்றைநங்கை, குன்றெயில் நகரின் முதலமைச்சரும், நாற்படைக்கும் தலைவரும், நம்மைப் பெற்றவளுடன் பிறந்த அம்மானுமாகிய மழவராயர் காண விடுக்கும் ஓலை. உம் மனையில் விளக்கு நின்று எரிக. உம் மக்கள் நலமுறுக. உம் முழங்கால் வலி வரும் மழைக்காலத்திலேனும் தணிக. வாழ்த்து இத்துடன் முடிந்தது. இனி வருவது முழுவதும் கோபம்.

நம் முதல் வேட்டை அரண்மனைத் தோட்டத்தில் இனிதே நடந்தேறியதாகச் சென்ற திங்கள் ஊரெங்கும் முரசறைவித்தீர். அங்கே நடந்தது இன்னதென்று நாமும் அறிவோம், நீரும் அறிவீர்; ஆயினும் ஓலையில் ஏறட்டும். அரண்மனைச் சோறு தின்று கொழுத்த பன்றி ஒன்றை, பின்னங்காலில் கயிறு அறுத்த தழும்போடு, மாதுளைச் செடிகளுக்கு நடுவே நிறுத்தியிருந்தீர். நம் பல்லக்கை அதற்குக் கூப்பிடு தொலைவில்கூட அல்ல, கைக்கெட்டும் தொலைவில் இறக்கச் செய்தீர். நாம் வில்லை எடுத்தபோது அது ஓடவில்லை. நம் கையில் தின்ன ஏதோ இருக்கிறதென்று நம்பி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நம்மை நோக்கி வந்தது. அம்பு நாணிலிருக்கும்போதே அவையோர் கைதட்டினர்; முதலில் தட்டிய கை உம்முடையது. நாம் வில்லைக் கீழே வைத்தோம், பன்றிக்கு ஒரு வாழைப்பழம் கொடுக்கச் சொன்னோம். அன்று மாலையே, அரசி ஒரே அம்பில் கொடும்பன்றியை வீழ்த்தினார் என்று முரசு முழங்கிற்று. அந்தக் கொடும்பன்றியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட நீர் ஆளனுப்பியதும் நமக்குத் தெரியும். நம் பணிப்பெண் காத்தாயி அதற்கு முன்பே அதைத் தன் வீட்டுக் கொல்லைக்கு ஓட்டிப் போய்விட்டாள். அது நன்றாக இருக்கிறது.

இது வெறும் விளையாட்டாக இருந்திருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்போம். முதல் வேட்டை எதற்கென்று நாட்டிலே யாருக்குத் தெரியாவிட்டாலும் உமக்குத் தெரியும். முடிசூடியவர் மழை இறங்குமுன் கருங்கானத்துக்குள் போக வேண்டும். குடையையும் வாளையும் முத்திரையையும் குடைக்கல்லில் வைத்துவிட்டு அக்கல்லைக் கடக்க வேண்டும். தம் கையால் ஒரு விலங்கை வீழ்த்தி, அதன் இறைச்சியை அம்மலைக்காட்டில் வாழும் கானவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். உண்டு முடித்ததும் மலையிலுள்ள எந்தக் குடியும் எழுந்து தன் குறையை அரசரின் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். அன்றைக்கு அமைச்சர் குறுக்கே பேசலாகாது, காவலர் தடுக்கலாகாது, சொன்னவரை அதற்காகப் பிறகு தண்டிக்கவும் ஆகாது. ஓர் அரசின் காலத்தில் இது ஒரே ஒருமுறை நடப்பது. நீர் தோட்டத்தில் அடித்த முரசு அந்த ஒருமுறையை முடிந்ததாகச் சொல்லிற்று. மலையாரின் வாயை ஒரு வளர்ப்புப் பன்றியைக் கொண்டு அடைத்துவிட்டீர்.

உம் தரப்பு நியாயங்களை அவையில் கேட்டோம், பொறுமையாகவே கேட்டோம். குதிரை இடறி விழுந்த நாள் முதல் நமக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்றும், காடு மென்மையான உடலுக்கு ஏற்றதன்று என்றும், நம் உயிருக்கு ஏதேனும் நேர்ந்தால் நாடு தாங்காதென்றும் எடுத்துரைத்தீர். நம் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை என்பதை நமக்கே அறிவித்த உம் கனிவை எப்படி மெச்சுவது என்று தெரியவில்லை. அவையோர் தலையசைத்தனர். சிலர் கண்ணையும் துடைத்துக்கொண்டனர். அந்தக் கண்ணீரைப் பார்க்கையில் நமக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் ஓலை தாங்காது.

நாம் அன்று வெறுங்கையோடு அவைக்கு வரவில்லை. ஓராண்டாக எண்ணி எண்ணி அமைத்த ஏற்பாட்டோடு வந்தோம். பல்லக்கு வேண்டாம் என்றோம். அதற்கு அகன்ற வழி வேண்டும், தூக்கிகளின் ஆரவாரம் கேட்டு மான்கள் மலைக்கு அப்பாலே போய்விடும். கானவர் தம் நோயாளிகளை முதுகில் சுமந்து இறங்கும் பிரம்புக்கூடை இருக்கிறதல்லவா, அதையே சற்று உயர்ந்த சாய்வோடு முடையச் சொல்லி, மாறி மாறிச் சுமப்போம் என்று முன்வந்தவர்களின் பெயரையும் சொன்னோம். நாண் இழுக்கையில் உடல் சாயாதிருக்க மார்புக்குக் குறுக்கே தோல்வார்; அமர்ந்தபடி வளைக்கத் தக்க குறுவில்; காலில் அட்டை கடித்தாலும் தீப்பொறி பட்டாலும் நமக்குத் தெரியாதாகையால், வேப்பெண்ணெய் தோய்த்த துணிச்சுற்று; நாள்தோறும் மாலையில் பந்தம் பிடித்து நம் கால்களை ஒரு விரற்கடை விடாமல் பார்த்துச் சொல்லக் காத்தாயி; ஒரே இடத்தில் அமர்ந்திருந்தால் புண் வைக்கும் என்பதால் இலவம்பஞ்சு மெத்தை, அதிலும் அடிக்கடி நம்மைப் புரட்டி அமர்த்த இன்னொருத்தி. காய்ச்சல் கண்டால் கொம்பூதிச் செய்தி சொல்ல மேட்டுக்கு மேடு ஆள். நீர் கழிக்க மறைப்பு எங்கே, எப்படி என்பதையும் சொன்னோம். அதைச் சொன்னபோதுதான் அவை முகம் சுளித்தது. எதிரி நாட்டின் கோட்டையை எப்படிக் கொளுத்துவது என்பதைப் பகலெல்லாம் சுவைத்துப் பேசுகிறவர்களுக்கு, ஓர் அரசி நீர் கழிப்பாள் என்ற செய்தி காதில் விழவே கூசியது. எழுதுகிற ஓலைநாயகம் இந்த இடத்தில் எழுத்தாணியை நிறுத்தினார். நிறுத்த வேண்டாம், சொன்னதைச் சொன்னபடி எழுதும் என்றோம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீர் சொன்னது, அமர்ந்தபடி வேட்டையாடுவது வேட்டையாகுமோ என்பது. அம்மான், நம் தந்தை வேட்டையாடியதை நீர் பார்க்கவில்லையா? மான்கள் நக்க வரும் உப்புமண் பள்ளத்தருகே தழைமறைப்புக் கட்டி, காற்றுக்கு எதிர்ப்புறம் அசையாமல் அமர்ந்து, பொழுது சாயும்வரை காத்திருந்துதான் அவர் எய்தார். தும்மல் வந்தால் துணியைக் கடித்துக்கொள்வார். கால் நன்றாயிருந்தவர் அமர்ந்தால் அது வேட்டைத் திறன். நாம் அமர்ந்தால் அது பரிதாபம். இந்தக் கணக்கை உமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? தந்தையை அன்று அந்தத் தழைமறைப்பிலிருந்து அழைத்து வந்து கட்டிப்போட்ட பன்றியைக் காட்டியிருந்தால், காட்டியவனின் காதை அறுத்திருப்பார். நாம் வாழைப்பழம் கொடுத்தோம். அதையே இப்போது பிழையென்று நினைக்கிறோம்.

கடைசியில் குடைக்கல்லைப் பிடித்துக்கொண்டீர். அரசர் அக்கல்லைத் தம் காலால் நடந்தே கடக்க வேண்டுமென்பது மலையாரின் கட்டளை என்றும், முதுகில் சுமந்துபோனால் கானவர் தம் தெய்வம் இழிவுபட்டதாகக் கொதித்தெழுவர் என்றும் சொன்னீர். அவையில் யாரும் மறுக்கவில்லை, ஏனெனில் யாருக்கும் தெரியாது. நமக்கும் தெரியாது. ஆகவே கேட்டனுப்பினோம். கானவரின் தலைவி நஞ்சி தானே கோட்டை வாயிலுக்கு வந்தாள். உம் காவலர் அவளை நண்பகல்வரை வெயிலில் நிறுத்தி வைத்தனர். அவள் சொன்னதை அவள் சொன்ன வாய்மொழியிலேயே ஏற்றச் சொல்லியிருக்கிறோம்: “கல்லைத் தாண்டி வர்றவங்க குடையில்லாம வரணும் தாயி, அம்புட்டுத்தான். நடந்து வரணும்னு எங்க பாட்டன் காலத்துலயும் ஒருத்தரும் சொல்லல. போன ராசாவைக் காச்சலோட எங்கப்பன்தான் முதுகுல போட்டுத் தாண்டினாரு.” நம் தந்தை! அவர் முதுகில் ஏறிக் கடந்த கல்லை நாம் கடக்கலாகாது என்று ஒரு கட்டளையை நீர் உம் மனதிலிருந்தே பிறப்பித்து, அதை மலையாரின் தெய்வத்தின்மேல் ஏற்றியிருக்கிறீர்.

ஏன் என்று பல நாள் யோசித்தோம். அன்பினால் என்று நினைக்க விரும்பினோம். பாதி அன்பினால்தான் என்பதை இப்போதும் நம்புகிறோம். மற்றப் பாதியை நஞ்சியின் முகத்தில் பார்த்தோம். நறுமணத்துக்காகப் பொன்விலை போகும் மேல்மலை அகில் மரங்களைப் பற்றிக் கேட்டபோது அவள் காவலரைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு, வேட்டை நாளில் சொல்கிறேன், அன்றைக்குத்தான் சொல்ல முடியும் என்றாள். மேல்மலைக் காவல் உம் மருமகன் கையில் இருக்கிறது. அவள் என்ன சொல்லவிருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது, உமக்குத் தெரிந்திருக்கலாம். எதையும் விசாரிக்காமல் உம்மேல் பழி சுமத்தமாட்டோம். ஆனால் விசாரிக்கும் ஒரே நாளை நீர் முரசடித்துப் புதைத்தீர் என்பதற்கு விசாரணை வேண்டியதில்லை, ஊரே காதால் கேட்டது.

இந்த ஓலையைப் படித்ததும் கோட்டை வாயிலை அடைத்து, நம்மை அறையிலேயே அன்போடு தங்கவைக்க உமக்குத் தோன்றும். வீண் சிரமம் வேண்டாம். நோன்பிருக்கிறோம், எவரும் உள்ளே வரலாகாது என்று வாயிலில் சொல்லிவைத்தது உமக்காகத்தான். நாம் குடைக்கல்லைக் கடந்துவிட்டோம். நஞ்சியின் தம்பி சுமக்க, பிரம்புக்கூடையில் கடந்தோம். வானம் இடியவில்லை, தெய்வம் சினக்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் நம் கூடையின் சாய்வு சரியில்லை என்று திட்டிவிட்டு, கொடி அறுத்து வந்து இறுக்கிக் கட்டினார். நேற்று மாலை உப்புப் பள்ளத்துக்கு ஒரு கலைமான் வந்தது. கொம்பை ஒருபுறம் சாய்த்து நின்று வெகுநேரம் காற்றை முகர்ந்தது. நாம் அவசரப்பட்டோம், அம்பு அதன் முதுகுக்கு மேலே போயிற்று. தப்பியோடிய மானைப் பார்த்துக்கொண்டே நாம் சிரித்த சிரிப்பில் காத்தாயி பயந்துபோனாள். விழுந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக நமக்கு ஒன்று உண்மையாகவே தவறியது, அம்மான். வேறு யாரும் நமக்காக அதைத் தவறவைக்கவில்லை. மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. இன்று மாலையும் அமர்வோம், கிடைக்கும்வரை அமர்வோம்.

ஆகவே ஆணையிடுகிறோம். தோட்டத்து வேட்டை நடக்கவில்லையென்று, நடந்ததாகச் சொன்ன அதே முரசைக் கொண்டு அதே தெருக்களில் அறைவிக்க. மேல்மலைக் காவலை உம் மருமகனிடமிருந்து எடுத்து, வேட்டை விருந்து முடியுமட்டும் பழைய காவலர்களிடம் ஒப்படைக்க. மலையிலிருந்து மரம் ஏற்றி இறங்கும் வண்டிகள் எவையாயினும் நின்ற இடத்திலேயே நிற்க. வேட்டை முடிந்ததென்று ஊதும் கொம்பொலி கேட்டதும் நீரும் வருக. குடையின்றி, காவலின்றி, உம் மோதிரங்களையும் குடைக்கல்லில் கழற்றி வைத்துவிட்டு வந்து நம்மோடு வரிசையில் அமர்க. மலையார் சொல்லி முடிக்கும்வரை நீர் வாய் திறக்கலாகாது. முழங்கால் வலியென்றால் சொல்லியனுப்பும், கூடை ஒன்று உமக்கும் முடைந்து தரச் சொல்கிறோம். அதில் ஏற வெட்கப்பட வேண்டியதில்லை.

அரச முத்திரை குடைக்கல்லில் இருக்கிறது. எனவே செம்மண் தோய்த்த நம் கட்டைவிரலை இவ்வோலையின் அடியில் பதித்துள்ளோம்; ஓலைநாயகமும் தலைவி நஞ்சியும் அருகிருந்து கண்டனர். முத்திரையில்லாத ஓலையென்று சொல்லி எவரேனும் இதை ஒதுக்க நினைத்தால் ஒதுக்கிப் பார்க்கட்டும். கோல் வாழ்க, குடி வாழ்க.

இனி எழுதுவது உங்கள் தமக்கை மகள். நான் விழுந்த அன்று, வைத்தியர் வரும்வரை காத்திராமல், என்னை நீங்களே இரு கையாலும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து அரண்மனைவரை ஓடி வந்தீர்கள். உங்கள் முழங்கால் அன்றைக்குத்தான் கெட்டது என்று அம்மா சொல்வாள். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தீர்கள். எனக்கு நினைவிருக்கிறது, அதை நான் ஒருநாளும் மறக்கமாட்டேன். ஆனால் அன்று தூக்கியவர் இன்றுவரை என்னைக் கீழே விடவில்லை. இறக்கி விடுங்கள், அம்மான். இதுவும் ஆணை.