புனிதரின் நாய்க்கு என் ரொட்டி

ஜூலை 29

தக்காளிக்குத் தண்ணீர் விட்டேன். என் வீட்டுக்காரர் லீபெரோவுக்கு முழங்காலில் நீர் கோத்திருக்கிறதாம், காலை நீட்டி உட்கார்ந்தே இருக்கணுமாம். டாக்டர் சொல்லிவிட்டார். இவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? உட்கார்ந்த இடத்திலிருந்தே அரசாங்கத்தையும் பிஷப்பையும் என் சமையலையும் திட்டித் தீர்க்கிறார். நாயும் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிறது. அதற்குத் 'தோழர்' என்று பெயர் வைத்தவரும் இவர்தான். ஊரில் கோயில் வாசலை மிதிக்காதவர்கள் இரண்டே பேர், இவரும் தோழரும்.

ஆகஸ்ட் 2

பல்மீரா மாவு பிசைந்துவிட்டாளாம். புனித ரோக்கோ திருவிழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறது! அவள் ரொட்டி அப்படி. காயக் காயத்தான் கல்லாகும், கல்லானால்தான் மரத்தில் செதுக்கிய சுரூபத்தில் புனிதரின் காலடியில் நிற்கிற நாயின் வாயில் அது அசையாமல் இருக்கும். பவனி முடிந்து கோயிலுக்குள் திரும்பும்வரை ரொட்டி கீழே விழக் கூடாது. விழுந்தால் அந்த வருடம் ஆலங்கட்டி மழைதான், திராட்சை போச்சு.

அதனால் வருடா வருடம் அவள் ரொட்டி, பூசையில் அவள் பெயர். நாத்தனார் என்பதற்காகச் சொல்லவில்லை, அந்த ரொட்டியால் ஆளை அடித்தால் செத்துவிடுவான்.

எனக்கு ஆசையாக இருக்கிறது. ஒரே ஒரு வருடம் என் பெயரைப் படிக்கட்டுமே. இவரிடம் சொன்னால் சிரிப்பார். சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

நவநாள், திருவிழாவுக்கு முந்தின ஒன்பது நாள் ஜெபம், தொடங்கியது. புதிதாக வந்திருக்கும் எவரிஸ்தோ சாமி சமவெளிக்காரர், குண்டு, எதற்கெடுத்தாலும் கண் கலங்குகிறார். தொடையில் புண்ணோடு புனிதர் காட்டில் தனியாகக் கிடந்ததையும், யாருமே எட்டிப் பார்க்காதபோது ஒரு நாய் தினமும் வாயில் ரொட்டி கவ்விக் கொண்டுபோய்க் கொடுத்ததையும் சொல்லும்போது அழுதேவிட்டார். நாங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்.

ஆனால் முக்கியமான சேதி பூசைக்குப் பிறகு வந்தது. விழாக் கமிட்டித் தலைவர் துல்லியோ தன் காப்பிக் கடை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். இந்த வருடம் சாமியார் ஒவ்வொரு ரொட்டியையும் தின்று பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பாராம். நோயாளிக்குக் கொண்டுபோன ரொட்டி, ருசியாக இருந்திருக்க வேண்டாமா என்று கேட்டாராம்.

ஆகஸ்ட் 8

பன்றிக் கொழுப்பு. தாராளமாக.

ஆகஸ்ட் 14

என் ரொட்டி!

பல்மீராவினுடையதைக் கடித்ததும் சாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். என்னுடையதைக் கடித்தார், இன்னொரு கடி, கடைசியில் தட்டில் துகள்கூட இல்லை. நாய்க்கு நாளைக்கு வேறொன்று சுட வேண்டும். பல்மீரா என் அருகில் வந்து, "எர்சீலியா, அது வாயில நிக்காது. நான் சொல்லலைன்னு சொல்லாதே," என்றாள். வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொல்லியே விட்டேன். சிரித்தார். மரத்தால் செய்த நாய்க்கு ருசி தெரியுமா என்று கேட்டார். அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான், பாதி.

ஆகஸ்ட் 15

சுட்டாயிற்று. தோழர் காலையிலிருந்து அடுப்பைவிட்டு நகரவில்லை. இவர் கூப்பிட்டும் போகவில்லை. நாய் கட்சி மாறிவிட்டது என்று இவருக்குக் கோபம்.

ஆகஸ்ட் 16

முறையாக எழுத முயல்கிறேன்.

பூசையில் என் பெயரைப் படித்தார்கள். நான் குனிந்துகொண்டேன், அடக்கமாக இருப்பதுபோல. ரொட்டி நாயின் வாயில் கச்சிதமாகப் பொருந்தியது. நாலு பேர் சுரூபத்தைத் தோளில் தூக்கினார்கள், பேண்டு வாசித்தது, நான் முன்வரிசையில் நடந்தேன். பல்மீரா எனக்குப் பின்னால், கண் கொட்டாமல் ரொட்டியையே பார்த்தபடி.

அந்த வெயிலை நான் யோசிக்கவில்லை. நீரூற்று தாண்டும்போதே கொழுப்பு உருகி, புனிதரின் நாய்க்கு எச்சில் ஒழுகுவதுபோல் சொட்ட ஆரம்பித்தது. முதலில் துல்லியோவின் வேட்டை நாய் பின்னால் வந்தது. அப்புறம் தபால்காரரின் இரண்டு. மேல்தெருவுக்கு ஏறும்போது ஊர் நாய் எல்லாம் வந்துவிட்டது, ஒன்றுகூடக் குரைக்கவில்லை, எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தபடி பயபக்தியாக நடந்தன. எவரிஸ்தோ சாமிக்குக் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. இப்படியொரு விசுவாசத்தை நகரத்தில் பார்த்ததே இல்லை என்றார். எனக்கு மட்டும்தான் அது கொழுப்பு வாசனை என்று தெரியும்.

எங்கள் வீட்டு முக்கு. வருடா வருடம் பவனி போகும்போது இவர் ஜன்னலைச் சாத்திவிட்டு முதுகைக் காட்டி உட்காருவார். இன்றைக்கு வெக்கை தாங்காமல் எல்லாம் திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து தோழர் வந்தது. நின்றது. முகர்ந்தது. அடுத்து நான் பார்த்தபோது அது காற்றில் இருந்தது.

ரொட்டியோடு வீட்டுக்குள் ஓடியது. ஊர் முழுக்க அலறிக்கொண்டு அதன் பின்னால். சுரூபத்தைத் தூக்கியவர்கள் மட்டும், பாவம், வாசலில் சாய்ந்தாடியபடி நின்றார்கள். நான் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னறைக்குள் நுழைந்தேன்.

இவர் நாற்காலியில் இருந்தார். கால்சட்டையின் ஒரு காலைத் தொடைவரை சுருட்டிவிட்டு, முழங்காலில் வெள்ளைக் கட்டோடு, ஒரு கையால் அந்தக் கட்டைச் சுட்டிக் காட்டுவதுபோல் வைத்துக்கொண்டு. மூன்று நாள் தாடி. காலடியில் தோழர், வாயில் ரொட்டி, தின்னாமல் அண்ணாந்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இவர் அனுமதிக்காமல் அது எதையும் தின்னாது, அப்படித்தான் பழக்கியிருக்கிறார். ஆனால் இதெல்லாம் ஊருக்குத் தெரியாதே! ஜன்னலுக்கு வெளியே சுரூபம் அதே கோலத்தில், அதே காலைக் காட்டிக்கொண்டு நின்றது.

சத்தம் அப்படியே அடங்கிப்போனது. யாரோ முழந்தாளிட்டார்கள். அப்புறம் எல்லோரும். படிக்கட்டு வரை. சாமியார் என் கம்பளத்தில் விழுந்து கும்பிட்டார்.

லீபெரோ எல்லோரையும் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். கால்சட்டையை அவசரமாகக் கீழே இழுத்துவிட்டு, "எல்லாரும் எந்திரிச்சு வெளிய போங்கய்யா," என்றார்.

என்ன பணிவு பாரு என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆகஸ்ட் 17

ஊர் இரண்டாகிவிட்டது. அற்புதம் என்பவர்கள் வாசலில் சூப்போடு நிற்கிறார்கள். ஒரு பெண் உள்ளே புகுந்து இவர் முட்டியைத் தொட்டு முத்தமிட்டுவிட்டாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டோம்.

பல்மீரா பக்கத்தினர் ரொட்டி தவறி விழுந்ததாகத்தான் கணக்கு என்கிறார்கள். நாயின் வாயைவிட்டுப் போனால் தவறினதுதானே? ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயிலிலேயே முடிவு. தவறியது என்று முடிவானால் நான் இனிமேல் ஜென்மத்துக்கும் புனிதருக்கு ரொட்டி சுட முடியாது. நாய் திருடியதா, கொண்டுவந்து கொடுத்ததா என்று லீபெரோ சொன்னால்தான் தெரியும் என்கிறார் துல்லியோ.

இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாதா? கொழுப்பு வாசனைக்கு வந்த நாய், அவ்வளவுதான் என்பார். அதுதான் உண்மையும். சீட்டாட்டத்தில்கூடப் பொய் சொல்லாத மனுஷன். நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கென்ன — ஒரு வருடம் பெயரைப் படித்தாயிற்று. போதும். போதாது. போதும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பல்மீரா நன்றாகத்தான் பேசினாள். ஆலங்கட்டி மழை, பாட்டன் காலத்து வழக்கம், கொழுப்பு போட்ட அகங்காரம். நான் பெஞ்சில் சுருங்கிக்கொண்டே போனேன். அவளுக்குத்தான் சாதகமாகப் போய்க்கொண்டிருந்தது.

பெரிய கதவு திறந்தது. லீபெரோ. கல்யாணக் கோட்டு, கையில் தடி இல்லை. நடுப்பாதையில் நேராக, நிமிர்ந்து நடந்து வந்தார். எங்கள் கல்யாணத்துக்கே இந்தக் கோயிலுக்குள் வர மாட்டேன் என்றவர். பீடத்துக்கு முன்னால் நின்று, கொஞ்சம் யோசித்து, தொப்பியைக் கழற்றினார்.

"நாய் எனக்கு ரொட்டி கொண்டாந்து குடுத்துச்சு. சாப்ட்டேன். கால் வலி போயிருச்சு. இதுக்கு மேல எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்காதீங்க."

திரும்பி, வந்தது போலவே நேராக நடந்து வெளியே போனார். எவரிஸ்தோ சாமி விசும்புவது கதவு வரை கேட்டது. நான் பின்னாலேயே ஓடினேன்.

நீரூற்றைத் தாண்டிச் சந்து திரும்பியதும், யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, முழு பாரத்தையும் என் தோளில் போட்டார். முகம் வெளுத்திருந்தது.

வலிக்குதா என்று கேட்டேன்.

"உசுரு போகுதுடி," என்றார்.

செப்டம்பர் 3

அடுத்த வருடமும் என் ரொட்டிதான் என்று கமிட்டி சொல்லி அனுப்பியது. கூடவே, குணமான காலாயிற்றே, சுரூபத்தைத் தூக்க இவருக்கு முன்பக்கத் தோளும் ஒதுக்கியிருக்கிறார்களாம். இவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

தினமும் சாயங்காலம் துல்லியோ கடைக்குத் தடியில்லாமல் போகிறார், சிப்பாய் மாதிரி. தெருவே வாசலில் நின்று பார்க்கிறது. திரும்பி வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் நொண்டுகிறார். முன்னறையில் நாற்காலி வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போவதற்குள் வியர்த்துவிடுகிறது.

இன்று நாற்காலியைக் கதவை ஒட்டி நகர்த்திப் போட்டேன். கடையிலிருந்து திரும்பி வந்தவர் கதவைச் சாத்தினார், அதிலேயே உட்கார்ந்தார்.