தெவோனையின் பெயருக்கு ஒரே வாசல்

கடல் வளம் குன்றாது பெருகுக, காற்று முறை தவறாது வீசுக! வெண்கழி நாடாளும் மாமன்னர் திருவளர் நெடுவேளின் திருவாய்மொழிப்படி, பேரமைச்சன் ஏனாதி மாறங்காரி, சங்குமுனைத் துறைகாவலர் அரும்பூர்கிழார் சமூகத்துக்கு வரையும் ஓலை. தங்கள் துறையும் கலமும் குடியும் நலம் பெறுக.

நம் தலைநகர்த் துறையில் பெயரேடு காப்பவர் நன்னாகன். வணிகர் தம் பெயரை ஏட்டில் பதிந்து, அதையே வாசற்கல்லில் வெட்டுவது நம் வழக்கம். கடல் கடந்து வரும் மடலின் மேற்பெயர் ஏட்டோடு கோட்டுக்குக் கோடு பொருந்தினால்தான் நன்னாகன் அதை வாசலுக்கு அனுப்புவார். ஒரு சுழி பிசகினாலும் கேட்பாரற்ற பெட்டியில் போட்டுவிடுவார். மன்னரின் மடலையே ஒருமுறை பெட்டியில் போட்ட மனிதர் அவர்.

நேற்று, கணவரை இழந்த தூரிய நாட்டு வணிகர் தெவோனை அம்மை அவரிடம் வந்து, மகன் எந்தக் கடலில் அலைகிறானோ, நான்காண்டாக அவனிடமிருந்து ஒரு வரி இல்லை, இனி இங்கே தமக்கு யாருமில்லை, தம் பெயரை ஏட்டிலிருந்து அடித்துவிடுக என்று வேண்டினார். முறைப்படி கைச்சாத்து வாங்கிய நன்னாகன் அதை உற்றுப் பார்த்தார். பெட்டியில் கிடந்த மடல்களின் மேல் அவர் கண்ட வடிவம் அதுவே. இது யார் பெயரென வினவ, தம் பெயரேதான், தூரியர் கல்லில் பேரெழுத்தாலும் கையால் வரையும்போது சிற்றெழுத்தாலும் எழுதுவர், பெயர் ஒன்றே என்று அம்மை வியந்து கூறினார். நம் எழுத்துக்கு ஏது பெரிதும் சிறிதும்? அதிலேயே ஊறிய நன்னாகன், ஏட்டிலிருந்த பேரெழுத்துப் பெயரையும் மடலிலிருந்த சிற்றெழுத்துப் பெயரையும் இரு வேறு ஆட்களென்று எண்ணிவிட்டார். பெட்டியிலிருந்த பன்னிரண்டு மடல்களையும் அம்மையின் முன் வைத்து, வாய்விட்டு அழுதார்.

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. ஏட்டைத் திருத்தச் சொன்னார். இனி இருவகை எழுத்துடைய நாட்டார் பெயரெல்லாம், பதியும்போதும் ஒப்பிடும்போதும் சிற்றெழுத்தாக மாற்றிக்கொள்ளப்படும்; வாசற்கல்லில் அவரவர் விருப்பம். உற்சாகம் மிகுந்த எழுத்தர் ஒருவர், நம் குறிலையும் நெடிலையும் அப்படியே ஒன்றாக்கலாமே என்று விண்ணப்பிக்க, பல் பிடுங்குபவரையும் பால் கறப்பவரையும் ஒரே வாசலில் நிறுத்துவீரோ என்று மன்னர் சிரித்தருளினார். எந்நாட்டு எழுத்தையும் அந்நாட்டாரைக் கேளாமல் மாற்றலாகாது என்பதும் ஆணையாயிற்று. தங்கள் துறையும் இவ்வாறே ஒழுகுக.

இனி அவசரம். கடைசி மடலின்படி, அம்மையின் மகன் தாரியன் தங்கள் துறையில் நிற்கும் தூரியக் கப்பலில் மாலுமி; கப்பலை விட்டு அகல இயலாதவன். இதற்கும் மறுமொழி வராவிடில் தாய் இறந்ததாகக் கொண்டு முழுநிலா நாளில் புறப்படுவதாகவும், பிறகு இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறான். முழுநிலாவுக்கு மூன்று நாளே உள்ளது. குதிரையில் இவ்வோலை முந்தி வருகிறது. அம்மையை வண்டியில் ஏற்றி, நன்னாகன் தாமே ஓட்டி வருகிறார்.

அரச முத்திரை இட்டோம். ஆணை இது: அக்கப்பலை நிறுத்துக. தாரியனை அழைத்து இவ்வோலையைப் படிக்கும்போது, தொடக்க வாழ்த்தும் பட்டப்பெயர்களும் பின்னர் ஆகட்டும். உன் தாய் உயிரோடு இருக்கிறாள், வந்துகொண்டிருக்கிறாள் என்பதையே முதலில் சொல்லுக.