தானா வுடும்டி, இழுக்காத

அசிட்டோன் பாட்டிலைத் திறந்ததுமே நீ வந்துவிட்டாய். அந்த நெடி ஏறினால் எனக்கு வேறு யாரும் நினைவுக்கு வருவதில்லை. நாத்தனார் மகள் கல்யாணத்துக்காகக் காஞ்சிபுரத்தில் வைத்துக்கொண்ட ஜெல் நகங்களை இன்று எடுக்க வேண்டியிருந்தது. சாமி மாடத்தில் விளக்கேற்றிவிட்டு அதன் அடியிலேயே உட்கார்ந்தேன்.

முதன்முதலில் இதை உன் விரல்களில்தான் செய்து பார்த்தோம். உன் தங்கை கல்யாணம் முடிந்த வாரம், "இன்னா கையி கீதுடி இது, சோறு கூட பெசைய முடியல" என்று வந்து நின்றாய். அதற்குள் பொறுமையில்லாமல் கட்டைவிரல் நகத்தைப் பல்லால் பிய்த்து, ஜெல்லோடு உன் சொந்த நகமும் ஏடு ஏடாகப் போயிருந்தது. ரசம் பட்டாலே துடித்தாய். உன்னை நன்றாகத் திட்டினேன். பிறகு இருவரும் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். மேல் பளபளப்பை அரத்தால் தேய்க்க வேண்டும். சுற்றியுள்ள தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் நெருப்பே கூடாது, குப்பென்று பற்றிக்கொள்ளும். நான் அவசரப்பட்டுக் குச்சியால் நெம்பப் போக, "தானா வுடும்டி, இழுக்காத. வுடலன்னா இன்னொருவாட்டி சுத்து" என்றாய். உன் நகமும் உன்னைப் போல அழுத்தம். இரண்டாம் முறை சுற்றாமல் ஒருநாளும் விட்டதில்லை.

மானாம்பதி சாலையில் நடந்த விபத்துக்குப் பிறகு உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, உன் கொழுந்தன் கல்யாணத்துக்கு வைத்த கருஞ்சிவப்பு நகங்கள் அப்படியே இருந்தன.

"ஒட்டு நெகத்தோட நெருப்புக்கு அனுப்பக் கூடாது. வண்டி வந்துச்சி, சட்டுனு பிச்சிடுங்க" என்றபடி உன் மாமியார் உன் விரலைப் பிடித்தார். உன் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"பிக்காதீங்க. எரியும் அவளுக்கு."

நான் ஓடிப்போய் பஞ்சும் பாட்டிலும் இருந்த என் டப்பாவை எடுத்து வந்தேன். பாட்டிலைத் திறக்கும்போதுதான் உன் தலைமாட்டில் எரிந்த விளக்கைப் பார்த்தேன். தள்ளி வைக்கச் சொன்னதும் மாமியார் குறுக்கே வந்தார்.

"அத நவுத்தக் கூடாது. வெளக்கு இல்லன்னா வழி தெரியாம இங்கியே நின்னுடுவா."

உன் அம்மா விளக்கையும் ஊதுவத்தியையும் எடுத்துத் தெருவாசலுக்குக் கொண்டுபோனார்.

அதுவரை குளிர்ப்பெட்டியில் இருந்த விரல்கள் விறைத்திருந்தன. ஒவ்வொன்றாகச் சுற்றினேன். விளக்கில்லாத அறையில், பார்லரில் முறைக்குக் காத்திருப்பவளைப் போல நீ கிடந்தாய். இந்தச் சில்லிப்பில் எங்கே விடப் போகிறது என்று நினைத்துக்கொண்டுதான் முதல் தாளைப் பிரித்தேன். குச்சி படவே இல்லை. நகம் பஞ்சோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. எல்லாமே தானாக விட்டிருந்தன. எண்ணெய் தடவ உன் கையை எடுத்த அம்மா என்னைப் பார்த்தார்.

"சூடா கீதுடி கை."

தொட்டேன். சூடாகத்தான் இருந்தது. அசிட்டோன் பட்டால் சில்லென்றுதான் இருக்கும். வாசலிலிருந்து திரும்பி வந்த விளக்கு அணைந்துபோயிருந்தது. மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்க முடியவில்லை.

இன்று என் விரல்களில் மோதிரவிரல் நகம் மட்டும் விடவில்லை. குச்சியை அடியில் கொடுத்து நெம்பினேன், சுருக்கென்றது. அப்போதுதான் உறைத்தது. ஜன்னலைத் திறக்கவில்லை. மூடாத பாட்டில் மடிக்குப் பக்கத்தில், தலைக்குமேல் விளக்கு. பதறி நிமிர்ந்தேன்.

விளக்கு அணைந்திருந்தது. எண்ணெய் நிறைய இருந்தது, திரியும் புதுசு. காற்றே இல்லாத அறையில் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது.

பாட்டிலை மூடி, ஜன்னலைத் திறந்தேன். மோதிரவிரலை இன்னொரு முறை சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பயம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். நகம் தானாக விட்டது. நெடி போய் வெகுநேரம் ஆகியும் விளக்கை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. ஏற்றினால் உனக்கு வழி தெரிந்துவிடும்.